தனக்கோட்டி ஏறிவிட்டாள், நான் ஏறவில்லை

எனக்கு பஸ் பிடிக்கும். எங்கேயாவது போய்ச் சேருவதற்காக இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதற்காகவே பிடிக்கும்.

கிண்டியில் ஒரு துணிக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் பிசிறு வெட்டினேன். தைத்து வரும் சட்டைகளில் தொங்குகிற நூல் முனையைச் சின்னக் கத்தரியால் நறுக்கி எடுக்கிற வேலை. நின்றபடியே செய்யவேண்டும், பேசக்கூடாது. சாயங்காலம் பஸ்ஸில் ஒரு சீட்டு கிடைத்தால் அதுதான் அன்றைக்கு நான் உட்காருகிற முதல் இடம். அப்படி வந்த ஆசை, வேலையை விட்டு நின்ற பிறகும் போகவில்லை. திரும்பிப் பார்க்காமல் சத்தத்தை வைத்தே பழைய வண்டியா புது வண்டியா என்று சொல்லிவிடுவேன். ஏறிய வண்டியின் நம்பரையும் உட்கார்ந்த இடத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். இதில் என்ன லாபம் என்று என் மகள் கேட்பாள். ஒரு லாபமும் இல்லை.

தனக்கோட்டி எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கீரை விற்றவள். இப்போது கடையை மருமகள் பார்த்துக்கொள்கிறாள். தனக்கோட்டிக்கு எழுத்து தெரியாது. எனக்கு ஐந்தாவது வரைக்கும் படிப்பு இருக்கிறது, ஆனால் பேச வாய் வராது. கண்டக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பதற்குள் ஸ்டாப் போய்விடும். அவளுக்கு அந்தத் தொந்தரவே கிடையாது. அதனால் போர்டு படிப்பது என் வேலை, பேசுவது அவள் வேலை. செவ்வாய்க்கிழமை ஆனால் இரண்டு பேரும் கிளம்பிவிடுவோம். முகப்பில் பிங்க் கலர் அடித்த பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். அதில் முதலில் எது வந்து, முன்னால் சீட்டும் காலியாக இருக்கிறதோ, அதில் ஏறுவோம். இறங்க மனசு வந்தால் இறங்குவோம்.

இந்த வாரச் செவ்வாய்க்கிழமைப் பயணம் கொஞ்சம் பயத்தோடு ஆரம்பித்தது. போன மாசம் எனக்குக் காய்ச்சலாக இருந்தபோது தனக்கோட்டி தனியாகக் கிளம்பி, கலரைப் பார்த்து ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி, தூங்கிவிட்டாள். எழுந்து பார்த்தால் ஊருக்கு வெளியே கேளம்பாக்கம். அவளுடைய மகன் குமார் ஆட்டோ ஓட்டுகிறவன். சவாரியை எல்லாம் விட்டுவிட்டு, தெருத் தெருவாக அம்மாவைத் தேடினான். அவள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு, கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வந்து நின்றாள்.

"இதுதான் கடைசி," என்றான் குமார். "இன்னொரு தபா தொலைஞ்சே, பஸ்ஸு கிஸ்ஸு எல்லாம் கட். வூட்ல ஒயுங்கா டிவி பாத்துக்கினு கெட. எங்கனா போணும்னா நான் ஆட்டோல இட்டுனு போறேன்."

"ஆட்டோல பேசறதுக்கு யாருடா கீறாங்க?" என்றாள் அவள்.

"நான் இல்ல?"

"நீ எங்க பேசுற? ஆரன்தான் அடிக்கிற."

அதற்கு அப்புறம் நாலு செவ்வாய்க்கிழமை அவளை வெளியே விடவில்லை. நான் தனியாக பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். பக்கத்தில் ஆள் பேசாத பஸ் நன்றாகவே இல்லை. கடைசியில் அவள் என்னை இழுத்துக்கொண்டு போய்க் குமார் முன்னால் நிறுத்தினாள். "பெரீம்மா, நீங்க பொறுப்பா?" என்று கேட்டான். நான் தலையை ஆட்டினேன். "கைய வுடமாட்டீங்களே?" அதற்கும் ஆட்டினேன். அவளுடைய பட்டன் போனை என் பையில் போட்டான். அவள் ஜாக்கெட்டுக்குள் வைத்து, துவைக்கிற பக்கெட்டில் இரண்டு தடவை விட்டிருக்கிறாள். என்னிடம் போன் இல்லை. எனக்கு எதற்கு?

எட்டேகாலுக்கு முதல் பஸ். 5பி, மயிலாப்பூர். முன்பக்கம் டிரைவருக்கு இடதுகைப் பக்கமாக எங்கள் சீட்டு காலியாக இருந்தது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் ரோடு முழுவதும் நமக்காக விரித்து வைத்த மாதிரி தெரியும். "ரெண்டு லேடீஸ்!" என்று தனக்கோட்டி சத்தம் போட, இரண்டு டிக்கெட் வந்தது.

அடையாறில் இரண்டு மாமிகள் ஏறி எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள்.

"நாத்தனார் ஆத்துக்குத்தான் போயிண்டிருக்கேன். ஃப்ளாட்டை இடிச்சுட்டுப் புதுசாக் கட்டறாளாம். ரெண்டு வருஷம் வாடகை ஆத்துல இருக்கணுமாம்."

"சாமானெல்லாம் என்ன பண்ணப் போறா?"

"அதை ஏன் கேக்கறே? ஊஞ்சல் எங்காத்துக்கு வரதாம். எங்காத்துல எனக்கே எடமில்லே!"

தனக்கோட்டியால் பொறுக்க முடியவில்லை. திரும்பி உட்கார்ந்துவிட்டாள். "ஊஞ்சல வேணாம்னு சொல்லிடு மாமி. இன்னிக்கு ஊஞ்சல் வரும், நாளைக்கு ஊஞ்சல்ல குந்திக்கினு நாத்தனார் வரும்."

நான் வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாமி ஒரு நிமிஷம் திகைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் மந்தைவெளி வரை சிரித்தாள். இறங்கும்போது தனக்கோட்டியின் தோளைத் தட்டி, "நீ சொன்னதைத்தான் சொல்லப் போறேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மயிலாப்பூரில் மெட்ரோவுக்காக ரோட்டை அடைத்து, பஸ் நிற்கிற இடத்தை எங்கேயோ மாற்றி வைத்திருந்தார்கள். எந்த வண்டி எங்கே நிற்கும் என்று ஒரு அட்டையில் எழுதிக் கம்பத்தில் கட்டியிருந்தது. நான் அதைப் படித்து மனசில் வைத்துக்கொண்டேன். தனக்கோட்டி அதற்குள் பூக்காரி, பழக்காரி, ஒரு போலீஸ்காரர் என்று மூன்று பேரிடம் அதையே கேட்டு முடித்துவிட்டாள். மூன்று பேரும் மூன்று இடம் சொன்னார்கள். அட்டை சொன்னதுதான் சரி.

கோயில் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன மெஸ்ஸில் பொங்கல் சாப்பிட்டோம். மிளகு முழுசு முழுசாக இருந்தது. எங்கள் சைதாப்பேட்டைக் கடையில் பொங்கலுக்கு வடகறி தருவார்கள். இங்கே சட்னி, கொத்சு. கொத்சு நன்றாக இருந்தது என்று நினைத்தேன், சொல்லவில்லை. காபி வந்ததும் தனக்கோட்டி டவராவைத் தூக்கிப் பார்த்தாள். "இன்னா நைனா, பாதிக்கு மேல நுரை கீது? காபி எப்போ வரும்?" பரிமாறுகிறவர் உள்ளே போய், அவளுக்கு மட்டும் இன்னொரு அரை டம்ளர் கொண்டுவந்து ஊற்றினார். எனக்கு ஊற்றவில்லை. நான் கேட்கவில்லையே!

அடுத்தது 12பி, தி. நகர். இந்த வண்டி கொஞ்சம் பழசு. கியர் மாற்றும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் வந்தது. டிரைவர் இரண்டாவது கியருக்குக் கையைக் கொண்டுபோவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும், இப்போது மாற்றுவார் என்று. மாற்றினார். எனக்குச் சிரிப்பு வந்தது. தனக்கோட்டி மருமகளின் சாம்பாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். அதற்குத்தான் சிரித்தேன் என்று நினைத்து இன்னும் பலமாகச் சொன்னாள்.

தி. நகரில் நாங்கள் எதுவும் வாங்கப் போகவில்லை. ஒரு பெரிய புடவைக் கடையின் கதவு ஆள் போகும்போதெல்லாம் திறந்து, உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. வாசலுக்கு நேரே பிளாட்பாரத்தில் இரண்டு பேரும் நின்றுகொண்டோம். காவலுக்கு நின்றவர் பார்த்துவிட்டு, "உள்ள வாங்கம்மா," என்றார்.

"வேணாம்பா. உள்ள வந்தா எடுக்கத் தோணும். நீ கதவ மட்டும் தொறந்து தொறந்து மூடு."

அந்த மனுஷர் ஆள் வராதபோதும் நாலைந்து தடவை திறந்து மூடினார்.

வெயில் ஏறியதும் தள்ளுவண்டியில் கம்மங்கூழ் குடித்தோம், மோர்மிளகாய் கடித்துக்கொண்டு. பிறகு அடையாறு போகிற வண்டி. அதில் எங்கள் சீட்டு கிடைக்கவில்லை, நடுவில்தான் உட்கார்ந்தோம். நடுவில் உட்கார்ந்தால் பஸ்ஸில் போகிற மாதிரியே இருக்காது, யார் வீட்டிலோ காத்திருக்கிற மாதிரி இருக்கும். அதனால் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

அடையாறில் இறங்கி, இஞ்சி போட்ட கரும்பு ஜூஸ் குடித்துவிட்டு, பெசன்ட் நகர் போய்க் கடலைப் பார்த்துத் திரும்பலாம் என்று முடிவு செய்தோம். மணி இரண்டரை இருக்கும். தப்பு நடந்தது இங்கேதான். அந்தத் தப்பு என்னுடையது.

பெசன்ட் நகர் வண்டி வந்தது. கல்லூரிப் பெண்கள் கும்பலாக முன்படிக்கு ஓடினார்கள். "வாடி, வாடி, முன்னாடி காலியா கீது!" என்று தனக்கோட்டி அவர்களுக்கு நடுவில் புகுந்து ஏறினாள். நானும் இரண்டு அடி வைத்தேன். அப்போது பின்னால் இன்னொரு பஸ் வந்து நின்றது. அதுவும் பெசன்ட் நகர் போகிறதுதான். புது வண்டி, தாழ்வான தளம். படியே கிடையாது என்று கேள்விப்பட்டிருந்தேன், இதுவரை ஏறியதில்லை. அதன் வாசல் முன்னால் ஒரு பெரியவர் நாலு கால் ஊன்றுகோலோடு நின்றுகொண்டிருந்தார். டிரைவர் எதையோ அமுக்கினார். உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. அவ்வளவு பெரிய பஸ், அந்தப் பெரியவர் இருந்த பக்கமாக, மெதுவாகச் சாய்ந்து இறங்கியது. யானை காலை மடக்கிக் கொடுக்கிற மாதிரி. பெரியவர் ஊன்றுகோலை உள்ளே வைத்தார், காலை வைத்தார், வீட்டுக்குள் போகிற மாதிரி போய்விட்டார். பஸ் மறுபடி மூச்சை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபத்தாறு வருஷம் எவ்வளவு உயரப் படியில் ஏறியிருப்பேன். ஒரு பஸ் மனுஷருக்காகக் குனிந்து நான் பார்த்ததே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். முன்னால் நின்ற வண்டி இல்லை.

முதலில் எனக்குப் புரியவில்லை. ஜூஸ் கடையைப் பார்த்தேன். நிழற்குடைக்குள் பார்த்தேன். ஏறிவிட்டாள் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவளால் போர்டு படிக்க முடியாது. அவளிடம் போன் இல்லை, அது என் பையில் இருக்கிறது. கையை விடமாட்டேன் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். பஸ் குனிகிறதை வேடிக்கை பார்க்கக் கையை விட்டிருக்கிறேன்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அவள் போனைப் பார்த்துக்கொண்டே நகர்ந்துவிட்டாள்.

புது வண்டி இன்னும் நின்றுகொண்டிருந்தது. வாசலில் நின்ற கண்டக்டர் என்னைப் பார்த்து, "இன்னா ஆயா, ஏறுறியா நிக்கிறியா?" என்றார்.

"என் சிநேகிதி…"

"இன்னாது?"

"முன்னாடி… வண்டியில…"

"ஒண்ணும் கேக்கல, சத்தமா சொல்லு ஆயா!"

அவர் விசிலை வாயில் வைத்துவிட்டார். இப்போது சொல்லாவிட்டால் இந்த வண்டியும் போய்விடும். "என் சிநேகிதி முன்னாடி பஸ்ஸுல தனியா பூட்டா! அவளுக்குப் படிக்கத் தெரியாது! நான் விட்டுட்டேன்!" என்றேன். அது என் குரலா என்று எனக்கே சந்தேகம். பஸ்ஸில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள்.

கண்டக்டர் விசிலை எடுத்துவிட்டார். "ஏறு மொதல்ல," என்று கையைக் கொடுத்தார். பிறகு முன்னால் பார்த்துக் கத்தினார்: "அண்ணே! முன்னாடி போற வண்டிய புடி! ஒரு ஆயா மிஸ்ஸிங்!"

"நான் இன்னா போலீஸ் ஜீப்பா ஓட்டுறேன்?" என்றார் டிரைவர். ஆனாலும் வண்டியை எடுத்தார்.

நான் பழக்கத்தில் இடது பக்கம் போனேன். "அங்க வேணாம் ஆயா. இந்தப் பக்கம் குந்து. அவங்க எறங்கித் திரும்பி வந்தாலும் வருவாங்க. எதிர்ல வர்ற வண்டி இங்கருந்துதான் தெரியும்," என்று வலது பக்கம் ஆண்கள் சீட்டில் ஒரு பையனை எழுப்பி என்னை உட்காரவைத்தார். என் ஆயுசில் பஸ்ஸில் அந்தப் பக்கம் உட்கார்ந்தது இல்லை. ரோடே வேறு ரோடாகத் தெரிந்தது.

அப்போதுதான் பையில் போன் அடித்தது.

"எடு ஆயா, அவங்களாதான் இருக்கும்," என்றார் கண்டக்டர்.

"இது அவ போனு."

"அப்போ அவங்க கையில?"

"ஒண்ணும் இல்ல."

"வெளங்கிரும்."

எடுத்துப் பார்த்தேன். குமார் என்று இருந்தது. என்ன சொல்வது? அடித்து ஓயட்டும் என்று மடியில் வைத்துக்கொண்டேன். ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஊன்றுகோல் பெரியவர் எனக்கு முன் சீட்டில் இருந்தார். "பேசிடுங்கம்மா. பேசாம இருந்தா அவங்க இன்னும் பயப்படுவாங்க," என்றார். நல்ல மனுஷர். நான் பேசவில்லை.

சாஸ்திரி நகர் பக்கம் ஒரு சிக்னலில் எங்கள் வண்டி நின்றது. எதிர்ப்பக்கமும் ஒரு பஸ் வந்து நின்றது. அதன் முன் கண்ணாடியில் எனக்கு முதலில் தெரிந்தது ஒரு கை. டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டு, கையை ஆட்டி ஆட்டி, அந்த மனுஷரை ரோட்டைப் பார்க்கவிடாமல் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படிக் கையை ஆட்ட சென்னையில் ஒருத்திதான் உண்டு.

நான் எழுந்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். "ஏய் தனக்கோட்டீ!"

பைக்கில் இருந்த ஒருவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"தனக்கோட்டீ! இங்கடி! எறங்காத! அங்கயே இரு! எறங்கு, எறங்கு!"

எதிர் வண்டி டிரைவர் எட்டிப் பார்த்தார். "எறங்கவா, இருக்கவா? ஒண்ணு சொல்லு ஆயா!"

தனக்கோட்டி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஆனால் நான் என்று நம்பவில்லை போலிருக்கிறது. வாயைத் திறந்தபடி நின்றாள். பேச்சே வரவில்லை. இத்தனை வருஷத்தில் அதையும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அடுத்த ஸ்டாப்பிங்ல எறங்கு! இதே சிக்னலுக்கு நடந்து வா! நானும் வரேன்!" என்று கத்தினேன். விளக்கு பச்சையானது. அவள் வண்டி அடையாறு பக்கம் போனது, என் வண்டி கடல் பக்கம் போனது. எங்கள் பஸ்ஸில் யாரோ கை தட்டினார்கள். நான் இறங்கும்போது, யாரும் கேட்காமலே, டிரைவர் எதையோ அமுக்கினார். பஸ் எனக்காகக் குனிந்தது.

வேகுவேகென்று நடந்து சிக்னலுக்கு வந்தேன். அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுவில் வண்டிகள். ரோட்டைத் தாண்டுவதற்கு முன்னாலேயே சண்டையை ஆரம்பித்துவிட்டாள்.

"எங்கடி பூட்ட?"

"நீதான் பூட்ட!"

"நான் ஏறுனேன். நீ ஏன் ஏறல?"

"பஸ்ஸ பாத்துக்கினு நின்னுட்டேன்."

"பஸ்ஸ பாத்தியா? ஏறுற பஸ்ஸ விட்டுட்டு நிக்கிற பஸ்ஸ பாத்தியா?"

பக்கத்தில் வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. பிளாட்பாரத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். ஏறியதும் முன் சீட்டைப் பிடித்தாளாம். "ரெண்டு லேடீஸ்" என்று இரண்டு டிக்கெட் வாங்கினாளாம். நான் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்து, சாம்பார் கதையின் மிச்சத்தைச் சொல்லிக்கொண்டே போனாளாம்.

"மூணு ஸ்டாப்பிங் சொன்னேன்டி! நடுவுல லேசா திரும்பிப் பாத்தேன், தல ஆடிச்சு. நீ ஆட்டுற மாதிரியே ஆடிச்சு. அப்பால ஒரு ஆளு, 'யாருக்குமா சொல்றீங்க?'ன்னான். நல்லா திரும்பிப் பாத்தா, ஒரு காலேஜ் பொண்ணு, காதுல ஒயர மாட்டிக்கினு பாட்டுக்குத் தலய ஆட்டிக்கினு கீது!"

உடனே இறங்கி, ரோட்டைத் தாண்டி, எதிரே வந்த பஸ்ஸில் கேட்டு ஏறிக்கொண்டாளாம். சொல்லிவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே ஏதோ குத்தியது. மூன்று ஸ்டாப். நான் இல்லை என்று அவளுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி இருக்கிற ஆளாக நான் இருந்திருக்கிறேன்.

"ஏன் பதில் வரலன்னு கூட உனக்குத் தோணலியா?" என்று கேட்டேன்.

சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ என்னிக்குடி பதில் சொன்ன?" என்றாள். அது கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஒன்பதாவது தடவை. தனக்கோட்டி போனைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கையை ஆட்டினாள். "பஸ்ஸுல சத்தம், கேக்கலன்னு அப்பறமா சொல்லிக்கலாம். தெரிஞ்சா அவ்ளோதான். டிவி முன்னாடி குந்த வெச்சிடுவான்."

பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அவன் அம்மாவை என்னிடம்தான் ஒப்படைத்தான். நான் போனை எடுத்தேன்.

"எம்மா! ஏன் எடுக்கல? எங்க கீற?"

"அம்மா எங்கூடதான் கீது. அடையாறு பக்கம். அரை மணி நேரம் தொலைஞ்சு போச்சு. இப்ப கெடச்சிடுச்சு. அது மேல தப்பு இல்ல. அது ஒயுங்கா ஏறிடுச்சு. நான்தான் புது பஸ்ஸ வேடிக்க பாத்துக்கினு கைய விட்டுட்டேன். திட்டுறதுன்னா என்னத் திட்டு."

"ஹலோ, யாருங்க பேசறது?" என்றான்.

தனக்கோட்டி போனைப் பிடுங்கினாள். "பெரீம்மாடா! பக்கத்து வூட்டு சரோஜா!"

"யாரு, நம்ம சரோஜா பெரீம்மாவா? எத்தினி வருசமா பக்கத்துல கீறாங்க, இந்தக் குரல நான் கேட்டதே இல்லியே!" அவன் சத்தம் எனக்கே கேட்டது. "சரி, அவங்க எப்டி உன்ன கண்டுபுடிச்சாங்க?"

"எதிர் பஸ்ஸுலருந்து கத்துனாடா."

"கத்துனாங்களா?"

"நடு ரோட்டுல. சிக்னலே நின்னுபோச்சு."

குமார் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். சிரித்து முடித்து, போனை என்னிடம் கொடுக்கச் சொன்னான். "பெரீம்மா, நான் பயந்துட்டேன். ஒம்போது தபா அடிச்சேன். அடுத்த வாரமும் போங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா போன் அடிச்சா எடுத்துப் பேசுங்க. நீங்க பேசுனா எனக்கு தைரியமா கீது," என்றான். நான் தலையை ஆட்டினேன். அது அவனுக்குத் தெரியாது என்று நினைவு வந்து, "சரிப்பா," என்றேன்.

கடலைப் பார்க்கவில்லை. நேரமாகிவிட்டது. அடையாறுக்கு வந்து, சைதாப்பேட்டை வழியாகப் போகிற 5பி பிடித்தோம். ஏறும்போது அவள் என் முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டாள். முன் சீட்டு கிடைத்தது. உட்கார்ந்தும் அவள் பேசவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாடி?" என்றேன்.

"நீ சொல்லு. நான் கேக்கறேன்."

எனக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பஸ் குனிந்ததைச் சொன்னேன். பெரியவர் உள்ளே போனதைச் சொன்னேன். "அப்பால?" என்றாள். ஆண்கள் சீட்டில் உட்கார்ந்ததைச் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல இருக்காது என்று நினைத்தேன், இருந்தது. மயிலாப்பூர் கொத்சு நன்றாக இருந்தது என்று சொன்னேன். எனக்கும் அரை டம்ளர் காபி வேண்டும் போலத்தான் இருந்தது என்று சொன்னேன். "அத அங்கயே சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா?" என்றாள். கம்பெனியில் ஒரு தடவை கத்தரி என் விரலை வெட்டியபோதும் சத்தம் போடாமல் நின்றதைச் சொன்னேன். இரண்டாவது கியரைச் சொன்னேன். "அப்போ நீ எங்க மருமவ சாம்பாருக்குச் சிரிக்கலியா?" என்று முறைத்தாள். இல்லை என்று சொன்னேன். அவளுடைய மருமகள் சாம்பார் எனக்குப் பிடிக்கும் என்றும் சொல்லிவிட்டேன். அதற்கு ஒரு சண்டை நடந்தது. அதில் நானும் நாலு வார்த்தை பேசினேன்.

"ஆயா, சைதாப்பேட்டன்னு சொன்னீங்களே?" என்று கண்டக்டர் வந்து நின்றார்.

"ஆமா."

"அது போயி எவ்ளோ நேரமாச்சு! எல்லாரும் எறங்குங்க, தி. நகர் டெர்மினஸ்!"

கண்ணை மூடிக்கொண்டு ஸ்டாப் எண்ணுகிறவள் நான். ஆற்றைத் தாண்டியதும் தெரியவில்லை, மார்க்கெட்டும் தெரியவில்லை. தனக்கோட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். ஐந்து மணிக்குள் வீட்டில் இருப்போம் என்று குமாரிடம் சொல்லியிருந்தோம். மணி ஐந்தேகால். அவள் என் பைக்குள் கைவிட்டு, போனை எடுத்து, என் கையில் திணித்தாள்.

"நீயே பேசு. நான் பேசுனா நம்பமாட்டான்."

பட்டனை அமுக்கிக் காதில் வைத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"ஹலோ," என்றேன்.

"சொல்லுங்க பெரீம்மா," என்றான் குமார்.